அத்தை என்று கூப்பிடாதவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது கைப்பேசியில், முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் பேசவைக்கும் ஒரு செயலியில். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. வீடு புக்கிட் பெலிம்பிங்கில், அம்மாவும் நானும்தான். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டான். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடங்களில் ஒன்று ஜாதகத்தில் தட்டிப்போனது, இன்னொன்று காரணமே சொல்லாமல் நின்றுபோனது. மூன்றாவதாக யாரும் வரவில்லை. கிளினிக்கில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்தான் அந்தச் செயலியை என் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்தாள்.

அவருக்கு முப்பத்தைந்து. தஞ்சோங் காராங்கைத் தாண்டி ஒரு தோட்டத்தில், செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆலைக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். ஒரு மாதம் எழுதிக்கொண்டோம். அவசரப்படாமல், கேட்டதற்கு முழுசாகப் பதில் எழுதுவார். எனக்கு அது பிடித்திருந்தது. நேரில் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தார். நான் பேசும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

மூன்றாவது முறை பார்த்தபோது பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊருக்குப் போய் மீன் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து, படகுகள் கட்டியிருந்த பக்கம் நின்றுகொண்டிருந்தோம். தனக்கு ஒரு முறை நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு அந்தப் பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "நமக்கு இதுக்கு ஒரு பேரெல்லாம் வேணாமே. இப்படியே நல்லாத்தானே இருக்கு. போறபடி போகட்டும்லா" என்றார்.

எனக்கும் அதுதான் தோணுது என்றேன் நான். அது பொய். அவருக்கு அது பொய்யென்று தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். முடிந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. கெட்ட நாட்கள் என்று அதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு டெங்கி வந்தபோது எங்கிருந்தோ பப்பாளி இலை பறித்து, சாறு பிழிந்து, போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். என் மோட்டார் சைக்கிளின் டயர் தேய்ந்திருப்பதை என்னைவிட முன்னால் அவர்தான் பார்த்தார். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் வர மாட்டார், இரண்டாம் நாள் மத்தியானம் வருவார். என் சித்தி மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது ஷிஃப்ட் இருக்கிறது என்றார். ஒரு முறை அவரோடு வேலை செய்பவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு என்னை அழைத்துப்போனார். மூன்று நாள் முன்னாலிருந்தே என்ன சேலை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இவர், "இவங்க கோல சிலாங்கூர்" என்றார். அந்த அம்மா மீதியும் வரும் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பிறகு அந்த அம்மாவே, "வாங்க, உள்ள வாங்க" என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

அந்த மாதிரி நாட்களில் எனக்கு நானே சட்டம் போட்டுக்கொள்ளப் பழகினேன். இரண்டு நாள் தொடர்ந்து நான் முதலில் எழுதக் கூடாது. அவர் கடைசியாக எப்போது கைப்பேசியில் இருந்தார் என்று காலை பத்து மணிக்கு முன் பார்க்கக் கூடாது. கிளினிக்கில் கேட்டால் ஃப்ரெண்டு என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வலித்த இடத்தையெல்லாம் தொடாமல் நடக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அவர் அறிமுகமானது ஒரு மழை நாளில். என் மோட்டார் பழுதாகி, அவர் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். அம்மா குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்து, நனைந்துகொண்டு நிற்காமல் உள்ளே வரச் சொன்னார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். அம்மா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். அதற்கப்புறம், ஷிஃப்ட் இல்லாத ஞாயிறெல்லாம் வந்துவிடுவார். தஞ்சோங் காராங்கில் அறுப்பு முடிந்தால் புது அரிசி மூட்டை ஒன்று அவர் காரில் வரும். அம்மா ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் மருந்து தெளித்தும் பழம் பொறுக்கியும் முட்டியைத் தேய்த்துக்கொண்டவர். அம்மா குளியலறையில் வழுக்கி விழாமலிருக்க இவர்தான் சுவரில் ஒரு கம்பி அடித்துக்கொடுத்தார். அம்மா பேசுவதையெல்லாம் உட்கார்ந்து கேட்பார். நான் ஆயிரம் முறை கேட்டுச் சலித்த கதைகள். அவர் நடுவில் கேள்வி கேட்பார்.

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டபோது கூட, மகளுக்குத் தெரிஞ்சவரு என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, காலம் மாறிவிட்டது என்று விட்டுவிட்டார் என நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காரமாக இறால் சம்பால் வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு அவர் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்:

"தம்பி, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என் மகளுக்கு நீங்க யாரு?"

அவர் குழாயை மூடினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தெரியலம்மா."

அம்மா தலையை ஆட்டினார். எழுந்துபோய், எப்போதும் போல மிச்சமிருந்த சம்பாலை ஒரு டப்பாவில் போட்டு, மூடி அழுத்தி, அவரிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். காரை எடுக்கும்போது என்னிடம், வரேன், என்று மட்டும் சொன்னார்.

கார் தெருவைத் தாண்டியதும் நான் அம்மாவிடம் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவரிடம் பேசியதில்லை. இரண்டு வருடமாக நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருந்ததை ஒரே கேள்வியில் உடைத்துவிட்டாய் என்றேன். உனக்கு இந்தக் காலத்து விஷயம் என்ன தெரியும் என்றேன். அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே, "நீ கேக்கமாட்ட. அதான் நான் கேட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஷிஃப்ட் என்று அவர் எழுதினார். அதற்கடுத்த ஞாயிறு காய்ச்சல் போல் இருக்கிறது என்றார். மூன்றாவது ஞாயிறு ஒன்றும் எழுதவில்லை. நான் காலையில் எழுதியதற்கு மாலையில் ஒரு வார்த்தை வரும். பிறகு அந்த ஒரு வார்த்தை மறுநாள் வரும். கிளினிக்கில் நோயாளிகளின் பெயரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டேன். என்ன பல்வலியா என்று டாக்டரே கேட்டார். ஆமாம் என்றேன்.

கடைசியில் நானே தஞ்சோங் காராங்குக்குப் போனேன். வேலை முடிந்து, சாயங்கால வெயிலில், வாய்க்கால் ஓரமாக மோட்டாரை ஓட்டிக்கொண்டு போனேன். அவரை ஒரு சாலையோரக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். ஆலைச் சட்டையோடு வந்தார். மெலிந்திருந்தார். அதைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பால் கலக்காத தே ஓ இரண்டு வந்தன.

அவர்தான் முதலில் பேசினார். "நான் உன்னை ஏமாத்தல. முன்னமே சொன்னேன்தானே."

"சொன்னீங்க."

"உன்கூட இருக்கும்போது நல்லாத்தான் இருக்கு. கல்யாணம்னு நெனச்சா மூச்சு முட்டுது."

"நான் கல்யாணம் கேக்கல. நான் உங்களுக்கு யாருன்னு கேக்கறேன்."

அவர் கண்ணாடிக் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பதில் சொல்லப் பார்க்கிறார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. வயலிலிருந்து வந்த இரண்டு மலாய்க்காரர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, குடித்து, எழுந்துபோய்விட்டார்கள். நான் எழுந்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் சரி என்றார். அந்தச் சரியைத்தான் என்னால் ரொம்ப நாள் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. புருஷனை இழந்தவளுக்கு ஒரு சடங்கு உண்டு. விவாகரத்தானவளுக்கு ஒரு கடிதமாவது உண்டு. நிச்சயம் முறிந்த வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டாவது போவார்கள். எனக்கு ஒரு நாள் விடுப்பு கேட்கக்கூடக் காரணம் இல்லை. யாரோடு என்ன முடிந்தது என்று சொல்வேன்? ஃப்ரெண்டு என்று நானே சொல்லிவைத்திருந்தேன். ஒரு ஃப்ரெண்டுக்காக எவ்வளவு நாள் அழ முடியும்?

நான் சாப்பாட்டைக் குறைத்தேன். அவர் எழுதியதையெல்லாம் அழித்தேன். அழித்ததற்காகவும் அழுதேன். அம்மாவோடு தேவைக்கு மட்டும் பேசினேன். அம்மாவும் அதற்கு மேல் வரவில்லை.

நாலாவது மாதம் அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சைக்கு அரசாங்க மருத்துவமனையில் தேதி கிடைத்தது. அந்தத் தகவல் அம்மாவின் கைப்பேசிக்குத்தான் வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, நேரத்தைக் குறித்துவைக்கலாம் என்று அதை எடுத்துப் பார்த்தேன். வந்திருந்த செய்திகளின் முதல் வரியில் 'மில் தம்பி' என்று அவர் பெயர் இருந்தது. அம்மா எழுதுவதில்லை, குரலாகத்தான் பேசி அனுப்புவார். நாற்பது, ஐம்பது இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

அம்மா சாப்டீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? அந்த எண்ணெய் தேய்ச்சீங்களா? இங்க மழை, அங்க மழையா? அவர் குரல்தான். அம்மா அவருக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆலையில் ஒருவர் கையில் அடிபட்டதை அவர் விலாவாரியாகச் சொல்லியிருந்தார். நான் வர வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு வாரம் கழித்து அம்மாதான் முதலில் பேசியிருந்தார். அத்தனை பேச்சிலும் அவர் ஒரு தடவைகூட என்னைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, ஒரே ஒரு இடம் தவிர. அதில் அம்மாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது: "அவ நல்லா இருக்கா. நீங்க கேக்கலன்னாலும் சொல்றேன்."

அதற்கு அவர் நாலு மணி நேரம் கழித்துப் பதில் அனுப்பியிருந்தார். மழையைப் பற்றி.

அம்மா கோயிலிலிருந்து வந்தபோது கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. விபூதித் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். தப்பு செய்து பிடிபட்ட சின்னப் பிள்ளை போல இருந்தது அவர் முகம். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், நீ அவருக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாயா என்றேன்.

அம்மா விபூதித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "உனக்கு அவரு யாருமில்லன்னு ஆயிருச்சு. எனக்கும் இல்லன்னு யாரும் சொல்லலையே" என்றார். "உங்கண்ணன் மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடறான். காசு வந்துச்சான்னு கேக்கறான். சாப்டியான்னு கேட்டவரு அவரு ஒருத்தருதான்."

நான் பக்கத்திலேயே இருக்கிறேனே, என்னைக் கணக்கில் சேர்க்கவில்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். கடைசியாக எப்போது அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்பது ஞாபகம் வரவில்லை.

அம்மா தொடர்ந்தார். "முத நாளே அம்மான்னுதான் கூப்பிட்டாரு. கட்டிக்கப் போறவன் அத்தைன்னு கூப்பிடுவான், இல்ல வாய் வராம ஆன்ட்டிம்பான். அம்மான்னு கூப்பிட்டா நீ அவருக்கு என்னடி ஆவே? எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சே ஏன் ரெண்டு வருஷம் சோறு போட்ட?"

"நீ சந்தோஷமா இருந்த" என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, "நானும்தான்" என்றார்.

ஒரு வாரம் கோபம் இருந்தது. அவர்மேல், அம்மாமேல், அந்தக் கைப்பேசிமேல். ஆனால் கோபம் இருந்த இடத்தில் வேறொன்றும் மெல்ல வந்தது. அந்த வீட்டில் அவரை இழந்தது நான் ஒருத்தி மட்டுமில்லை. நான் அறைக்குள்ளே அழுதுகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அடுப்படியில் இரண்டு பேருக்கு மட்டும் அளந்து சோறு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரோடு பேசக் கூடாது என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், பார்வையாளர் நேரத்தில், அவர் வார்டுக்கு வந்தார். நான் கீழே மருந்து வாங்கிவிட்டு மேலே வரும்போது நடைவழியில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், நான் அங்கே இருக்க மாட்டேன் என்று நினைத்ததாகச் சொன்னார். அதுவும் வருத்தத்தோடுதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சுவர் ஓரமாகத் தள்ளி நின்றோம். தள்ளுவண்டி ஒன்று எங்களைக் கடந்துபோனது.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சொன்னது இதுதான்: "என்கிட்ட செஞ்ச மாதிரி அம்மாகிட்ட செய்யாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு காணாம போகாதீங்க. வரதுன்னா கடைசி வரைக்கும் வாங்க. வரலன்னா உள்ள போயி, வரமாட்டேன்னு அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. அவங்க தாங்கிக்குவாங்க. சொல்லாம போறதைத்தான் தாங்க முடியாது."

அவர் ஆரஞ்சுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சரி என்றார். இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது.

உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், வெளியே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. ஒரு முறை அம்மா சிரிக்கும் சத்தம் வந்தது. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் நின்று, ஆலையில் பகாங் மாநிலத்துப் பக்கம் மாற்றல் கேட்டிருப்பதாகவும், போனால் இனி வருவது நடக்காது, அதை அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு போகாமல் அங்கேயே நின்றார்.

"நீ எனக்கு வேண்டியவ" என்றார். "அன்னைக்குக் கடையில அத சொல்லத்தான் பார்த்தேன். சொன்னா அடுத்தது என்னன்னு நீ கேப்பியோன்னு பயந்துட்டேன்."

அடுத்தது என்ன என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்று மட்டும் சொன்னேன். பத்திரமாகப் போங்கள் என்றேன். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் ஆகியிருந்தது.

அம்மா தலையணையில் சாய்ந்து ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார். எனக்கு மூன்று சுளை பிய்த்துக் கொடுத்தார். அம்மா அழுதாரா என்று தெரியாது. முகம் கழுவியது போல இருந்தது.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா கைத்தடியோடு கடைவரை நடக்கிறார். காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும்போதும், மத்தியானம் கைப்பேசியிலும், சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன். முதலில் கடமைக்குத்தான் கேட்டேன், பிறகு பழக்கமாகிவிட்டது. செயலியில் ஒருவரோடு சில நாள் பேசினேன். இரண்டாவது வாரம், நீங்கள் எதற்காகப் பேசுகிறீர்கள் என்று நேராகக் கேட்டேன். அதோடு அவர் போய்விட்டார். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் சபாக் பெர்ணாமில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் அப்பா வழிப் பெரியம்மா ஒருவர் உட்கார்ந்தார். வழக்கமான கேள்விதான்: நீயாக யாரையும் பார்த்திருக்கிறாயா, இல்லை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

இல்லை பெரியம்மா என்று சொல்லித்தான் பழக்கம். அன்று அந்த வார்த்தை வரவில்லை. "ஒருத்தர் இருந்தாரு" என்றேன். "ரெண்டு வருஷம். இப்ப இல்ல."

பெரியம்மா சாம்பார் வாளிக்காரரை நிறுத்திவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். எப்போ, எங்களுக்கெல்லாம் தெரியாதே, என்றார். எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

"நல்லவருதான்" என்றேன். அதற்கப்புறம், மேளச் சத்தத்துக்கு நடுவில், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.